எண்ணெய்த் துணியில் சுற்றிய டூல் ஹோல்டர்கள்

மாவு மில் வேலை போக, வீட்டில் ஆசைக்கு இரும்பு கடைய ஒரு சின்ன லேத் வைத்திருந்தேன். உளியை இறுக்கிப் பிடிக்கும் டூல் ஹோல்டர் மட்டும் அதற்கு இல்லை. திருவண்ணாமலைக் கடைகளில் எல்லாம் பெரிய மெஷின் அளவுதான். கேட்டால், "பொம்மைக்கா வாங்கறீங்க?" என்று சிரித்தார்கள்.

கடைசியில் ஒரு பழைய இரும்புக் கடையில், தகர டப்பா ஒன்றில் நான்கு கிடைத்தன. என் லேத்துக்கு அளவு சரியாக இருந்தது. ஒவ்வொன்றும் எண்ணெய் தடவித் துணியில் சுற்றியிருந்தது. வீட்டுக்கு வந்தும் மனம் கேட்கவில்லை. இப்படிப் பார்த்து வைத்தவர் பழைய இரும்புக்குப் போடமாட்டார். திரும்பப் போய்க் கடைக்காரப் பாயிடம் கேட்டேன்.

"கீழ்பென்னாத்தூர்லருந்து ஒரு அம்மா குடுத்துட்டுப் போச்சு. அங்க லேத்துக்காரர் வூடுனு கேளுங்க, காட்டுவாங்க."

திருப்பிக் கொடுக்கத்தான் போனேன். டப்பாவைப் பார்த்ததும் அந்த அம்மா வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

"அவரு படுத்த படுக்கையா இருக்காருங்க. மருந்துக்குத்தான் போட்டேன். பரண்லயே இருக்குதுனு நெனச்சிட்டிருக்காரு. எழுந்ததும் மறுபடி லேத் ஓட்டணுமாம்."

"காசு வேணாம்மா, வெச்சுக்கோங்க."

"வெச்சா மறுபடியும் விக்கத்தான் போறேன். நீங்களே எடுத்துட்டுப் போங்க."

உள்ளிருந்து, "யாரு?" என்று குரல் வந்தது.

"வழி கேக்கறாங்க" என்றார் அவர்.

டப்பாவோடு பஸ் ஏறினேன்.

லேத்துக்காரர் எழுந்தாரா என்று கேட்க இன்றுவரை நான் போகவில்லை. வேலை முடிந்ததும் நான்கையும் எண்ணெய் தடவி, அதே துணியில் சுற்றி வைக்கிறேன். என்றாவது அவர் வந்து கேட்டால், வைத்தது வைத்தபடி இருக்கவேண்டும்.