எங்கள் வேன் லிட்டருக்கு எத்தனை கொடுக்கும்

எங்கள் வீட்டுக்குப் புதிதாக ஒரு வண்டி வந்தால் அதன் நிறத்தை யாரும் கேட்க மாட்டார்கள். சீட் மெத்தென்று இருக்கிறதா, பாட்டுப் பெட்டி இருக்கிறதா என்றெல்லாம் கேட்க மாட்டார்கள். "லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?" என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலும் அதோடு பேச்சே முடிந்துவிடும்.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகிற ரோட்டில் எங்கள் வீடு. மாமனார் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். தன் கைபட்ட ஒவ்வொரு லாரியும் ஏற்றத்தில் எவ்வளவு, சமவெளியில் எவ்வளவு, லோடு இல்லாமல் எவ்வளவு கொடுத்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வார். பேரப்பிள்ளைகளின் பிறந்த நாளைக் கேட்டால்தான் முழிப்பார். அவருடைய மூத்த மகன், அதாவது என் கணவரின் அண்ணன், லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். என் கணவர் போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போனால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வீடு திரும்புவார். நான் வாழப்பாடிக்காரி. எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு பழைய மொபெட். அது கிளம்பினாலே எங்களுக்குச் சந்தோஷம், மைலேஜ் கேட்கிற தைரியமெல்லாம் யாருக்கும் கிடையாது. இந்த வீட்டுக்கு வந்த புதிதில் இவர்கள் பேச்சைக் கேட்டு, பெட்ரோலைக் குடித்துத்தான் உயிர் வாழ்கிறார்களோ என்று நினைத்தேன்.

வேன் வாங்கியது என் மகளுக்காக. மாதம் நிறைவதற்கு முன்பே பிறந்தவள், கால்களுக்குப் பலம் போதாது. செவ்வாயும் வெள்ளியும் சேலத்தில் உடற்பயிற்சி சிகிச்சை. அதற்கு முன் ஒரு காரில் போய்வந்தோம். ஒவ்வொரு முறையும் அவளைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும், தூக்கி இறக்க வேண்டும். ஏழு வயதிலேயே அவளுக்கு அது பிடிக்காமல் போய்விட்டது. தூக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். வேனின் பக்கக் கதவை இழுத்துத் திறந்தால், சீட்டும் அவளுடைய சக்கர நாற்காலியும் ஏறக்குறைய ஒரே உயரம். இரண்டு கையையும் ஊன்றித் தானாகவே நகர்ந்து ஏறிவிடுவாள். முதல் நாள் அப்படி ஏறி உட்கார்ந்துவிட்டு, எங்களைப் பார்த்து, "போலாங்களா?" என்று கேட்டாளே, அந்தக் கேள்விக்காக அந்த வண்டிக்குக் கோயில் கட்டலாம் என்று எனக்குத் தோன்றியது.

வண்டி ஓட்டுவது அக்கா. அக்கா என்றால் என் ஓரகத்தி, கணவருடைய அண்ணன் மனைவி. நாற்பத்திரண்டு வயதில் டிரைவிங் பழகினாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. "உனக்குக் கை நடுங்கும், நான் பழகிக்கறேன்" என்று என்னிடம் சொன்னாள், பழகிவிட்டாள். அவள் ஓட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அறுபதுக்கு மேல் முள் போகாது. முன்னால் போகிற லாரி பிரேக் போடப்போகிறது என்று அந்த லாரிக்காரனுக்குத் தெரிவதற்கு முன்பே இவள் கால் எடுத்திருப்பாள். சுங்கச்சாவடியில் நாலு பேர் ஆரன் அடித்தாலும் அலட்டிக்கொள்ளாமல் தன் வரிசையில் நிற்பாள். இந்த வீட்டிலேயே நன்றாக வண்டி ஓட்டுவது அவள்தான் என்பது என் கட்சி. அதை நான் மாமனார் காதுபடவே சொல்லியிருக்கிறேன்.

போன சித்திரையில் பட்டறைக்கு வந்த யாரோ ஒருவர், தன் சின்னக் கார் லிட்டருக்கு இருபத்திரண்டு கொடுக்கிறது என்று பெருமை அடித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து கணவரின் அண்ணனுக்குத் தூக்கம் போய்விட்டது. வேன் குடிக்கிறது, வேன் குடிக்கிறது என்று சாப்பிடும்போதெல்லாம் அதே பேச்சு. கடைசியில் ஒரு சோதனை வைத்தார்கள். வெள்ளிக்கிழமை சேலம் போகுமுன் டேங்கை நிரப்புவது, திரும்பி வந்ததும் மறுபடி நிரப்புவது. பதினைந்து கொடுத்தால் வண்டி இருக்கும். கொடுக்காவிட்டால் விற்றுவிட்டுக் கார்.

"பதினஞ்சு குடுக்காத வண்டி ஊட்ல எதுக்குங்கறேன்?" என்றார் மாமனார். அவர் சொன்னால் அப்பீல் கிடையாது.

காலையில் அக்கா பெட்ரோல் போட்டாள். சாயங்காலம் அவள் கணவரே பெட்ரோல் பங்குக்கு வந்து பக்கத்தில் நின்று போட்டார். கணக்குப் பார்த்தால் பதினொன்று. அக்காவின் முகம் செத்துவிட்டது. இரண்டு வருடமாகத் தன் குழந்தை மாதிரி ஓட்டிய வண்டியை ஊரில் யாரோ குடிகாரன் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அவளுக்கும் சேர்த்து நான்தான் சமையலறையில் பாத்திரங்களை உருட்டினேன். அடுத்த நாளே இளம்பிள்ளையிலிருந்து ஒரு சேலை வியாபாரி, மூட்டை ஏற்ற வேன் தேவைப்படுகிறது, புதன்கிழமை வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கு ஊறப்போட நான் அரிசி அளந்துகொண்டிருந்தேன். கோபத்தில் இருந்ததால் அள்ளிய படியெல்லாம் குவிந்து வந்தது. அக்கா என் கையிலிருந்து படியை வாங்கினாள்.

"உளுந்தத் தலதட்டி அளந்துட்டு அரிசியக் கோபுரமா அளந்தீன்னா இட்லி கல்லாட்டந்தான் வரும்" என்றாள். சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு, "ஏம்மா, வெள்ளிக்கெழம சாயந்தரம் பங்குல அவரு வண்டியக் குலுக்குனாரா?" என்று கேட்டாள்.

குலுக்கினார். நானே பார்த்தேன். லாரிக்காரர்களுக்கு அது வழக்கம். டீசல் போட்டால் நுரை பொங்கி, டேங்க் நிரம்புவதற்கு முன்பே நிரம்பின மாதிரி காட்டும். அதனால் வண்டியைக் குலுக்கி, நுரை அடங்கக் காத்திருந்து, மறுபடி ஊற்றுவார்கள். வாய் விளிம்பில் எண்ணெய் பளபளக்கிற வரைக்கும் விட மாட்டார்கள். எங்கள் வேன் பெட்ரோல் வண்டி. ஆனால் பழகின தோள் சும்மா இருக்குமா? குழாய் தானாக நின்ற பிறகும், பின்பக்கம் தோள்கொடுத்து வண்டியை நாலு ஆட்டு ஆட்டி, பங்குப் பெண் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல், இன்னும் இரண்டு லிட்டருக்கு மேல் ஊற்ற வைத்தார். காலையில் அக்காவோ எப்போதும் போல முதல் தடவை குழாய் நின்றதும் போதும் என்று மூடியைப் போட்டுவிட்டாள். காலையில் தலைதட்டி, சாயங்காலம் கோபுரம். அந்தக் கோபுரம் முழுவதையும் வண்டி குடித்ததாகக் கணக்கு எழுதிவிட்டார்கள்.

படியைக் கையில் பிடித்தபடியே அக்கா வெளியே போனாள். போர்டிகோவில் அப்பாவும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் எல்லாவற்றையும் அவர்கள் முன்னால் சொன்னாள். இருவரும் சேர்ந்து வண்டித் தொழிலில் ஐம்பது வருடத்துக்கு மேல் கொட்டை போட்டவர்கள். அவர்களுக்குத் தெரியாததை அரிசி அளக்கிறபோது இவள் கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு விசில் அடிக்கத் தெரியாது, தெரிந்திருந்தால் அடித்திருப்பேன்.

"டேங்க் ஃபுல்லுன்னாக் குலுக்கித்தான ஆகோணும்" என்று முனகினார் அவள் கணவர்.

"குலுக்குங்க, வேண்டாங்கல. போறப்பவும் குலுக்குங்க, வாரப்பவும் குலுக்குங்க. இல்லீன்னா ரெண்டு வாட்டியும் சும்மா உடுங்க" என்றாள் அக்கா.

செவ்வாய்க்கிழமை மறு சோதனை. அதற்குள் அக்கா பட்டறைக்கும் சந்தைக்கும் ஓட்டி, டேங்கில் மிச்சமிருந்த கோபுரத்தைத் தீர்த்துவிட்டாள். அதே பங்க், அதே குழாய், முதல் தடவை நின்றதோடு சரி. யாரும் ஏமாற்றிவிடக் கூடாதே என்று அவள் கணவரே முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அதுவரை ஒரு நாள்கூட அவர் எங்களோடு சேலம் வந்ததில்லை. முந்தின நாளே அக்கா என்னிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தாள்: ஏசி போட்டால் பதினைந்து வராது, போடாமல் ஓட்டினால் பதினைந்தைத் தாண்டிவிடும், அதனால் நாளைக்கு ஏசி கிடையாது, பாப்பாவுக்கு விசிறி எடுத்துக்கொள். நான் பனையோலை விசிறியைப் பையில் வைத்துக்கொண்டேன். மகளிடம் எதுவும் சொல்லவில்லை.

அன்று அவள் இணைக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு ஆறு அடி நடந்தாள். ஒவ்வோர் அடிக்கும் பல்லைக் கடித்தாள். அவளுடைய பெரியப்பா, அதாவது அக்காவின் கணவர், வாசலில் நின்று பார்த்தார். மூன்றாவது அடியிலேயே வெளியே போய்விட்டார். நாங்கள் முடித்துக்கொண்டு வந்தபோது வெயிலில், வேனைப் பார்த்தபடி நின்றிருந்தார். செருப்பைக்கூட மாட்டியிருக்கவில்லை.

திரும்பும்போது உச்சி வெயில். மல்லூர் தாண்டியபோது ஜன்னலில் வந்த காற்று அடுப்படிக் காற்றாக இருந்தது. மகளுக்குக் கழுத்தெல்லாம் வேர்வை, காலில் கட்டிய பட்டைக்குள் கசகசவென்று அரித்திருக்கும். நான் விசிறிக்கொண்டே இருந்தேன். ஆண்டகளூர் கேட் பக்கம் வந்தபோது பெரியப்பா திரும்பிப் பார்த்தார்.

"வேர்க்குதா கண்ணு? ஏசி போடட்டுமா?"

"வேண்டாங்க பெரியப்பா" என்றாள் அவள். "ஏசி போட்டா மைலேஜ் கொறஞ்சுருமுங்க. அப்பறம் கார் வந்துரும். கார்ல என்னையத் தூக்கித்தான் வெக்கோணும்."

என் விசிறி நின்றுவிட்டது. ஒன்பது வயதுக் குழந்தை. நாங்கள் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசியதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வெயிலையும் வாயைத் திறக்காமல் தாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். எனக்கு இந்தக் குடும்பத்தின் மேல், அந்த வண்டியின் மேல், என் மேல் எல்லாம் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பெரியப்பா முன்பக்கம் திரும்பினார். கை நீட்டி ஏசியைப் போட்டார். ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார்.

"ஏனுங்க, அளவு கெட்டுருமுங்க" என்றாள் அக்கா.

"கெடட்டும்."

அக்கா உடனே அதை அணைத்தாள். "பொறவு பதினஞ்சு வரலீன்னு நீங்களேதான் சொல்லுவீங்க." அவர் மறுபடி போட்டார். இந்த முறை அவள் கை எட்டாதபடி ஏசி குமிழைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டார். நாமக்கல் வந்து சேருகிறவரைக்கும் அந்தக் கையை எடுக்கவே இல்லை. மகள் ஐந்து நிமிடத்தில் தூங்கிப்போனாள்.

பங்கில், அளக்கவே வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்றார் பெரியப்பா. அக்கா விடவில்லை. அவளுக்கு யார் தயவும் வேண்டாம். "சொன்னது சொன்னதுதானுங்க" என்று வண்டியை அதே இடத்தில், அதே குழாய்க்கு நேராக நிறுத்தினாள். குழாய் ஒரு தடவை நின்றது. நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர், எட்டு லிட்டர். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார், வண்டியைத் தொடவில்லை.

போர்டிகோவில் மாமனார் காத்திருந்தார். வண்டி நிற்பதற்குள், "என்ன குடுத்துது?" என்று கேட்டார்.

"பதினஞ்சரைங்கப்பா" என்றார் மகன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த வீட்டில் வயதைக் குறைத்துச் சொல்வார்கள், ஜாதகத்தில்கூடக் கை வைப்பார்கள். மைலேஜில் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்த மனிதரை அதுவரை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அந்த நிமிடம் அவர் காலில் விழலாம் போல இருந்தது.

அக்கா சாவியோடு இறங்கி வந்தாள். "இல்லீங்க மாமா, பதினாலு. அவரு பொய் சொல்றாரு. வாரப்ப ஏசி போட்டாச்சு."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். இவளோடு என்னதான் செய்வது?

"நீ போட்டயா?" என்றார் மாமனார்.

"நாந்தானுங்கப்பா போட்டேன்" என்றார் மகன். தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

பின்னால் கதவு இழுபடும் சத்தம் கேட்டது. மகள் விழித்துக்கொண்டாள். நாற்காலியை விரித்து வைத்தேன். அவள் இரண்டு கையையும் ஊன்றி, உதட்டைக் கடித்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து உட்கார்ந்தாள். நாங்கள் நாலு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம், யாரும் கிட்டே போகவில்லை. உட்கார்ந்ததும் அவள் நேராகத் தாத்தாவைப் பார்த்தாள்.

"தாத்தா, பதினாலு பத்தாதுங்களா?"

முப்பது வருடம் லாரி ஓட்டிய மனிதர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"பத்தும் சாமி" என்றார். "நெம்பவே பத்தும்."