நோஞ்சான் குழாய்

எங்கள் சூப்பர்வைசரை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. எண்பதுகளில், திண்டிவனத்துக்கும் கூட்டேரிப்பட்டுக்கும் நடுவே ரோட்டோரம் இருந்த என்சைம் கம்பெனியில் மூன்று வருஷம் ஒருவரை ஒருவர் சகித்துக்கொண்டோம்.

தவிட்டை வேகவைத்துப் பரப்பி, அதில் கிருமியை வளர்ப்போம். அது சுரக்கும் என்சைமை வடித்துப் பொடியாக்கினால், துணியில் ஏறிய கஞ்சியைக் கரைக்க மில்காரர்கள் வாங்குவார்கள். தவிடு பரப்ப சுற்றுப்பட்டுப் பெண்கள் இருபது பேர். கிருமியைப் பார்த்துக்கொள்ள, விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வரும் நான்.

அது சாதாரணக் கிருமி இல்லை. புற ஊதா விளக்கில் காட்டிக் காட்டி, முக்கால்வாசி செத்துப்போக, மிஞ்சியதில் நான் பொறுக்கி எடுத்தது. பார்க்கச் சகிக்காது; கடுகளவு, சோகை பிடித்த நிறம். ஆனால் மாவு கலந்த கண்ணாடித் தட்டில் வளர்த்து அயோடின் ஊற்றினால், தட்டெல்லாம் நீலமாக, அதைச் சுற்றி மட்டும் அகலமாக வெளுத்திருக்கும். அவ்வளவு மாவையும் தின்று தீர்த்திருக்கும்.

சூப்பர்வைசர் ஒலக்கூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் குடும்பம்; முதலாளிக்குச் சொந்தக்காரர். மாதாமாதம் புதுச் சோதனைக் குழாய்க்குக் கிருமி மாற்றும்போது எதை எடுப்பது என்று அவரே தீர்மானிக்க ஆரம்பித்தார்.

“இன்னாம்மா இது, நோஞ்சானா கீது? விதைக்குக் கொழுத்ததைத்தான் எடுக்கணும். விளையும் பயிர் முளையிலே தெரியும்.”

“சார், கொழுத்தது பழைய குணத்துக்குத் திரும்பினது. என்சைம் குடுக்காது. அயோடின் ஊத்திக் காட்டட்டுமா?”

“மல்லாட்டை விதை பொறுக்கின கைம்மா இது. எனக்கே சொல்லிக்கினு இருக்காத.”

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். கொழுத்ததை எடுத்தார். நோஞ்சான் குழாய்களை லேப் குக்கரில் போட்டு அவித்துவிடச் சொன்னார். ஒன்றை மட்டும் ஃப்ரிட்ஜின் பின்பக்கம் ஒளித்து வைத்தேன்.

நாலாம் மாதம் மில்களிலிருந்து பொடி திரும்பி வந்தது. கஞ்சி போகவில்லையாம். முதலாளி கூப்பிட்டார். குழாயை முந்தானையில் மறைத்துக்கொண்டுதான் போனேன். ‘தப்பாப் பொறுக்கிட்டேன்’ என்று அந்த ஆள் ஒரு வார்த்தை சொல்லட்டும், கொடுத்துவிடலாம் என்றிருந்தேன்.

“இந்தப் பொண்ணுதாங்க கெடுத்துச்சு. பஸ்ஸைப் புடிக்க ஜல்தி ஜல்தியா வேலை பண்ணிக்கினு ஓடுது” என்றார்.

“நாளையிலேருந்து வராதம்மா” என்றார் முதலாளி.

குழாயை நீட்டியிருந்தால் என் வேலையும் கம்பெனியும் தப்பித்திருக்கும். நீட்டவில்லை. நேராக லேப்புக்குப் போய்க் குழாயைக் குக்கரில் போட்டு மூடி, அடுப்பைப் பற்றவைத்தேன். அவர் சொன்ன வேலைதானே? விழுப்புரம் போய்ச் சேரும்வரை சந்தோஷமாக இருந்தது.

தீபாவளிக்கு முன்பே கம்பெனியை மூடிவிட்டார்கள். சூப்பர்வைசருக்கு நிலம் இருந்தது, மல்லாட்டைக்குத் திரும்பிவிட்டார். நான் அந்த இருபது பேரை நினைக்கவே இல்லை.

அடுத்த வருஷம் கூட்டேரிப்பட்டில் பஸ் மாறும்போது, தவிடு பரப்பிய அக்கா ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். தலையில் செங்கல் தூசு. வேண்டாம் என்றாலும் கேட்காமல் டீ வாங்கிக் கொடுத்தாள்.

“அநியாயமா உம்மேல பழி போட்டானே, பாவி. எங்க எல்லார் பொழப்பையும் கெடுத்தது அவன்தான்.”

“ஆமாக்கா” என்றேன்.