ராயபுரம் கொடியும் ஸ்டெல்லாவின் நீலப் புடவையும்

ராயபுரம் போகிறேன் என்றதும் தாம்பரத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர்கள், அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். ஊட்டிக்குப் போகிறவர்களை யாராவது இப்படிக் கேட்கிறார்களா? எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளம்பினேன். என்னோடு அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஸ்டெல்லா, தன் தெருவிலுள்ள மாதா கோயில் கொடியேற்றத்துக்குக் கூப்பிட்டிருந்தாள்.

பீச் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்தால் அடுத்த நிறுத்தமே ராயபுரம். டிக்கெட் ஐந்து ரூபாய். இறங்கியதும் அந்தப் பழைய ஸ்டேஷன் கட்டடத்தைப் பார்க்காமல் ஓடிவிடாதீர்கள். தள்ளி நின்று தூண்களை முழுசாகப் பார்க்க இடம் விட்டிருக்கிறார்கள், பாதி அழகு அந்த இடத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து கோயிலுக்கு ஆட்டோ அறுபது ரூபாய். வெயில் தாழ்ந்திருந்தால் நடந்தே போகலாம்.

கோயில் சின்னது, பழசு, வெள்ளை வெளேரென்று இருக்கிறது. கொடிமரம் கடலைப் பார்த்து நிற்கிறது. கொடியேற்றத்தன்று தெருவின் ஆண்களில் பாதிப் பேர் கோயிலில் இருக்க மாட்டார்கள். ஃபைபர் படகுகளில் போய்க் கரையைப் பார்த்தபடி காத்திருப்பார்கள். கொடி உச்சிக்கு ஏறியது கண்ணில் பட்டதும் படகிலிருந்து வெடி போடுவார்கள். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் கரையில் மணி, பாட்டு எல்லாம்.

கோயிலுக்கும் கடலுக்கும் நடுவே, நேர்கோட்டில், ஸ்டெல்லாவின் வீடு. தரைத்தளமும் மொட்டை மாடியும்தான். இரண்டு அறைகளில் அவள் குடும்பமும் கொழுந்தன் குடும்பமும் நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன. முன்பு கோயிலைச் சுற்றி உயரமாகக் கட்ட விடமாட்டார்களாம், இப்போது அந்த விதியைத் தளர்த்திவிட்டார்கள் என்றாள். உடனே ஒரு பில்டர் வந்துவிட்டார். நாலு மாடி கட்டுவார், இரண்டு அவளுக்கு, இரண்டு அவருக்கு. அவள் கையிலிருந்து ஒரு பைசா போட வேண்டாம். கோயிலின் ஒரு செங்கல்லைக்கூடத் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணுகிறாராம்.

தெருவில் யாரும் அவளைக் கட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. கடலில் படகு ஓட்டும் அவள் கணவர் ஜெரோமும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பேஜாராக இருந்தது. நாலு மாடி எழும்பினால் படகிலிருந்து கொடி மறையாதா? சாரத்துக் கம்புகள் இரண்டை மொட்டை மாடியில் நாலு மாடி உயரத்துக்கு நட்டுவைத்திருந்தாள். நடுவே ஒரு புடவையைத் திரைபோலக் கயிற்றில் ஏற்றிப் பார்த்தால், படகிலிருந்து கொடி தெரிகிறதா என்பது தெரிந்துவிடும். நல்ல யோசனைதான். ஆனால் துணி காயும் கயிற்றில் கிடந்த புடவைகளில் கைக்கு வந்ததை எடுத்தாள் பாருங்கள், அது நீலம். மாதா கொடியும் நீலம்.

கீழே ஃபாதர் இன்னும் கொடியை மந்திரித்துக்கொண்டிருந்தார். மாடியில் நானும் அவளும் கயிற்றை இழுத்தோம். புடவை மேலே போய் விரிந்ததுதான் தாமதம், கடலில் பட படவென்று வெடி. வெடி கேட்டதும் கோயிலில் மணி. மணி கேட்டதும் பெண்கள் பாட்டு. ஃபாதர் தீர்த்தச் செம்போடு திரும்பி எங்கள் மாடியைப் பார்த்தார். கூட்டமே பார்த்தது. எனக்குச் சிரிப்பில் கயிறு கைநழுவப் பார்த்தது. ஸ்டெல்லாவின் போன் அடித்தது.

"இன்னாமே, கொடி ஏறிடுச்சில்ல?" இது படகிலிருந்து ஜெரோம்.

"அது என் பொடவைய்யா. கொடி இப்பத்தான் ஏறிகினு கீது. தெரிதா?"

தெரியவில்லை. நிஜக் கொடி உச்சிக்குப் போய்ப் படபடத்தது, கடலிலிருந்து ஒன்றும் வரவில்லை. கூட்டம் கடல் பக்கம் திரும்பியது. ஸ்டெல்லாவின் முகம் வாடியதை நான் பார்த்தேன். போனைக் காதில் வைத்தபடியே கயிற்றைத் தளர்த்தினாள். இன்னும் இறக்கு, இன்னும் இறக்கு என்றார் ஜெரோம். புடவை மூன்றாம் மாடி உயரத்தையும் தாண்டி இறங்கியது. இரண்டாம் மாடி உயரத்துக்கு வந்ததும், "தோ, தெரிது" என்றார். அவள் அங்கேயே கயிற்றில் முடிச்சுப் போட்டாள்.

வெடி மொத்தமும் தீர்ந்துபோயிருந்ததால் படகுக்காரர்கள் ஐஸ் பெட்டிகளைத் தட்டினார்கள். அவ்வளவு படகுகளிலிருந்தும் அந்தத் தட்டல் கரைக்கு வந்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மணி இரண்டாம் முறை அடித்தது.

கூட்டத்தில் நின்ற பில்டர் மேலே ஏறி வந்தார். "ரூல்ல எடம் கீதுக்கா. யாரும் இன்னான்னு கேக்க மாட்டாங்க" என்றார்.

"யாரும் கேக்க மாட்டாங்கன்னுதான் நானே கேட்டுப் பாத்தேன்" என்றாள் ஸ்டெல்லா.

இரண்டு மாடிதான், லோன் போட்டுத் தானே கட்டிக்கொள்கிறாளாம். பில்டருக்குப் பங்கு போய்விட்டது, ஆனாலும் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். நானும் இரண்டு தட்டு.

போக நினைப்பவர்களுக்கு: நாலு மணிக்கே போய்விடுங்கள், குடையும் தண்ணீரும் வேண்டும், திரும்பும் ரயிலில் கூட்டம் இருக்கும். கோயில் வாசலில் நிற்காதீர்கள், ஸ்டெல்லா வீட்டு மாடிக்குப் போங்கள், என் பெயரைச் சொன்னால் விடுவாள். புது வீடு எழும்பிய பிறகும் அங்கிருந்து பின்னால் கொடியும் முன்னால் படகுகளும் தெரியும். முடிச்சுப் போட்ட கயிறு இன்னும் அந்தக் கம்பில்தான் கட்டியிருக்கிறது, கொத்தனார் வந்து அளவெடுக்க.