காஜாக் கூடையில் மூன்று சீட்டுகள்

வருகிற ஒவ்வொரு துணியிலும் அளவுச் சீட்டைக் குண்டூசியால் குத்தி வைப்பது அந்தத் தையல்காரரின் பதினெட்டு வருஷப் பழக்கம். அதனால்தான், பட்டன் துளைக்குக் காஜா எடுக்க மனைவி வைத்திருந்த கூடையில், ஒரு சட்டையின் உட்பக்கம் அளவே இல்லாத சீட்டைக் கண்டதும் அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவள் கையெழுத்தில் ஒற்றை இங்கிலீஷ் வார்த்தை.

மறுநாள் வேறொன்று. மூன்றாம் நாள் இன்னொன்று. எழுத்துக் கூட்டிப் படித்தும் பொருள் பிடிபடவில்லை. வாய் ஓயாதவள் இப்போதெல்லாம் உதட்டுக்குள் முணுமுணுக்கிறாள்; இவர் தலை தெரிந்தால் கப்சிப். யாருக்குச் சேதி போகிறது? துணி வாங்க வந்த ஆண்களின் முகத்தையெல்லாம் அளந்து பார்த்தார்.

கடைசியில் மருந்துக் கடைக்குப் போய், எவனோ ஒருவன் சட்டைப் பையில் கிடந்ததாகப் புளுகினார். கடைக்காரர் டானிக் பிசுக்கு விரலால் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பொருள் சொன்னார். அபாண்டன் என்றால் கைவிடுவது. அப்ஸ்காண்ட் என்றால் சொல்லாமல் ஓடிப்போவது. அடியூ என்றால் போய் வருகிறேன்.

“பாவம்யா அந்த மனுஷன். பொண்டாட்டி மூட்டை கட்டிட்டா போல.”

தையல்காரர் எப்படி வீடு வந்தார் என்று அவருக்கே தெரியாது. மனைவி தோளில் பையோடு எதிரே வந்தாள். பட்டன் வாங்கப் போகிறாளாம்.

வாசலை மறித்துச் சீட்டுகளை நீட்டினார். “போறதுன்னா என் முகத்தப் பாத்து சொல்லிட்டுப் போ.”

அவள் தையல் மெஷினின் இழுப்பறையைத் திறந்தாள். கிழிந்த அகராதி ஒன்று. கட்டுக் கட்டாகச் சீட்டுகள். ஆடை நிறுவனத்தின் மேற்பார்வையாளர் வேலைக்கு இங்கிலீஷ் தேர்வு எழுத வரச்சொல்லும் கடிதம். அகராதியை முதல் பக்கத்திலிருந்து படிக்கிறாளாம். மனதில் நிற்காத வார்த்தைகளை மட்டும் துணியில் குத்தி, காஜா எடுத்தபடியே உருப்போடுகிறாளாம்.

“எங்கிட்ட ஏன் மறைச்ச?”

“போன வருஷம் துணி தைக்க வந்த ஒரு அம்மாகிட்ட இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை சொன்னேன். நீங்க சிரிச்சீங்க. உங்களப் பாத்து அவங்களும் சிரிச்சாங்க.”

அவருக்கு அது நினைவிலேயே இல்லை. அவளுக்கோ ஆறாத ரணம். கண் கலங்க, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சீட்டுக் கட்டுகளிலிருந்து ஒன்றை எடுத்தார்.

“நான் கேக்குறேன். நீ சொல்லு.”

அவள் பொருள் சொன்னாள். சரியா தப்பா என்று அவருக்கு எப்படித் தெரியும்? நெற்றி சுருங்கியது. “சரியாத்தான் சொல்றியா?”

அவள் அந்த மூன்று சீட்டுகளைத் தன் மூக்கருகே கொண்டுபோனாள். டானிக் வாடை. “சந்தேகம்னா மறுபடி மருந்துக் கடைக்கே போய்ட்டு வாங்க.”