சிகரெட்டில் பன்னிரண்டு, குப்பியில் எழுபத்திரண்டு

இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி மீன்துறைக்குப் பின்னால் இருக்கும் புகைக்கூடத்தில் டெஸ்மண்ட் ப்ளாங்க்லி முப்பத்தொரு வருஷமாக உப்புநீர் கலக்கிறவர். ஹேடாக் மீனைப் புகையில் தொங்கவிடுவதற்கு முன் அந்த நீரில்தான் ஊறப் போடுவார்கள். எவ்வளவு தடிமனான மீனுக்கு எவ்வளவு உப்பு என்று சுவரில் ஒரு அட்டை தொங்குகிறது. அவர் அதைப் பார்த்ததே இல்லை. தொட்டிக்குள் சுண்டுவிரலை விடுவார், நாக்கில் வைப்பார், "இன்னும் ரெண்டு கை" என்பார். அவர் கலக்கிய நீரில் ஊறிய மீன் ஒருநாளும் திரும்பி வந்ததில்லை. மீன் முள்ளும் கத்தியும் கிழித்த விரல்களில் உப்பு பட்டால் எரியும். அந்த எரிச்சல் பழகிப் பல காலம் ஆகிவிட்டது.

ஒருநாளைக்கு நாற்பது சிகரெட். ஐம்பத்தெட்டு வயதில் இடது காலின் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. பேருந்து நிறுத்தத்துக்கு நடப்பதற்குள் கெண்டைக்கால் இறுகிவிடும். அடைப்பைத் தாண்டி மாற்றுக் குழாய் போடும் அறுவை சிகிச்சை, இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை. மருத்துவர் சுற்றி வளைத்துப் பேசவில்லை.

"இன்னும் ஒரு சிகரெட் பிடிச்சீங்கன்னாலும் நான் போடுற குழாய் அடைச்சுக்கும். அப்புறம் குழாய்க்கு வேலை இல்ல. காலைத்தான் எடுக்கணும்."

அன்றைக்கே விட்டுவிட்டார். புகைக்கூடத்தில் விடுப்பும் சொல்லிவிட்டார். ஃப்ரீமன் தெருவில் மின்சிகரெட் கடை வைத்திருக்கும் பிப்பா, பெரிய தொட்டி வைத்த கருவி ஒன்றைக் கொடுத்தாள். திரவம் மில்லிக்கு மூன்று மில்லிகிராம் நிகோடின்.

"மூணா?" என்றார் டெஸ்மண்ட். "நான் நாப்பது பிடிச்சவன் கண்ணு. பால்வாடிப் பிள்ளைக்குக் குடுக்கிற மாதிரி குடுக்கிறியே."

"இந்தக் கருவி ஒரு இழுப்புக்கு எவ்வளவு புகை விடும்னு பாருங்க. மூணே போதும். பத்தலைன்னா இழுத்துக்கிட்டே இருங்க, தப்பில்ல. வேற எதையும் கலக்காதீங்க."

பத்தவில்லை. இழுத்துக்கொண்டே இருந்தார், அப்படியும் பத்தவில்லை; முதல் வாரம் முழுக்கக் கை நடுங்கியது. எட்டாம் நாள் மூலைக்கடை வாசலில் போய் நின்று, கையைச் சட்டைப்பைக்குள் விட்டுப் பணத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார். எங்கே வாங்கிவிடுவோமோ என்று வழியெல்லாம் பயம்.

மறுநாள் சனிக்கிழமை. புகைக்கூடத்தில் மீன் தொங்கவிடும் பார்னி மத்தியானம் பார்க்க வந்தான். கையில் ஒரு பொட்டலம். அவனும் ஒரு காலத்தில் மின்சிகரெட்டுக்கு மாறினவன். இவ்வளவு காரமான திரவத்தை விற்கக் கூடாது என்று சட்டம் வருவதற்கு முன் வாங்கி, உறைபெட்டியில் மீனோடு மீனாகப் போட்டுவைத்த குப்பி அது. பனி படிந்த தாளில் மில்லிக்கு எழுபத்திரண்டு மில்லிகிராம் என்று தெளிவாகவே போட்டிருந்தது.

"அந்தப் பொண்ணு உன்னை ஏமாத்துறாடா டெஸ். ஒரு சிகரெட்டுக்குள்ள எவ்வளவு நிகோடின் தெரியுமா? பன்னெண்டு மில்லிகிராம். நான் படிச்சேன். அவ குடுக்கிறது மூணு. பன்னெண்டு எங்க, மூணு எங்க?"

டெஸ்மண்ட் மனக்கணக்குப் போட்டார். நாற்பது பன்னிரண்டு, நானூற்றெண்பது. உடம்பு இத்தனை வருஷம் அவ்வளவை வாங்கிக்கொண்டிருந்தது. இப்போது அவள் கொடுப்பதோ அதில் ஒரு துளி. நடுங்காமல் என்ன செய்யும்?

"இதை அப்படியே ஊத்தவா?"

"பைத்தியமா உனக்கு? அந்தப் பொண்ணு குடுத்ததோட பாதிக்குப் பாதி கல. உப்புத்தண்ணி கலக்கிறவனுக்கு நான் சொல்லித்தரணுமா?"

பார்னி போன பிறகு அடுப்படி மேடையில் வைத்துக் கலந்தார். குப்பியின் வாய் பெரிது. வழிந்து விரல் நனைந்தது. ஈரக்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு, யோசிக்கவே இல்லை, சுண்டுவிரலை உள்ளே விட்டு நாக்கில் வைத்தார். மிளகைக் கடித்ததுபோல் காரம். நல்ல சரக்கு என்று நினைத்தார்.

முதல் இழுப்பு தொண்டையை அறுத்தது. முப்பது வருஷம் மரத்தூள் புகையில் நின்ற தொண்டைக்கு அது பிடித்தும் இருந்தது. பத்து நிமிஷத்தில் தலை லேசானது. வெகுநாளைக்குப் பிறகு சிகரெட் ஞாபகம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. நெற்றி வேர்த்துக் குளிர்ந்தது. கோப்பையைப் பிடித்த கை தாளம் போட்டது. சிகரெட்டை விட்ட முதல் வாரமும் இப்படித்தானே கை நடுங்கியது? இன்னும் பத்தவில்லை போல. இன்னும் இழுத்தார். தொட்டி தீர்ந்தபோது மறுபடி கலந்தார், இந்த முறை கொஞ்சம் கூடுதலாக. மறுபடி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"மூஞ்சி மெழுகு மாதிரி இருக்கு," என்றாள் மனைவி கிளெனிஸ். "மத்தியானச் சாப்பாட்டையும் வாந்தி எடுத்துட்டீங்க."

"விடுறப்ப இப்படித்தான் இருக்கும்."

"நானும் விட்டவதான். எனக்குக் கோபம் வந்துது, பசி வந்துது. வாந்தி வரல."

"நீ பத்துப் பிடிச்சே. நான் நாப்பது."

அதற்கு மேல் அவள் பேசவில்லை. பேசினால் கோபத்தில் சிகரெட்டைத் தேடிப் போய்விடுவாரோ என்ற பயம் அவளுக்கும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை நெஞ்சு படபடத்து எழுப்பியது. கலப்பதற்கு வைத்திருந்த பிப்பாவின் திரவம் தீர்ந்திருந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்துக் கடைக்குப் போனார். பிப்பா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, விற்கிற பேச்சை விட்டுவிட்டுக் கருவியை வாங்கி மோந்தாள்.

"இதுல என்ன இருக்கு?"

சொன்னார். எழுபத்திரண்டு, பாதிக்குப் பாதி, பார்னி சொன்ன பன்னிரண்டுக் கணக்கு. சுண்டுவிரலையும் சொன்னார், ஒளிக்க வேண்டிய விஷயமாக அது அவருக்குத் தோன்றவில்லை.

பிப்பா கருவியைத் திருப்பித் தரவில்லை. "அந்தப் பன்னெண்டு மில்லிகிராம் சிகரெட்டுக்குள்ள இருக்கிறது, அங்கிள். உங்களுக்குள்ள போறது இல்ல. முக்காவாசி எரிஞ்சு காத்துல போகுது, சாம்பல்ல போகுது, பஞ்சுல நிக்குது. ஒரு சிகரெட்டுக்கு உங்க ரத்தத்துல ஏறுறது ஒண்ணு, மிஞ்சினா ஒண்ணரை. இது அப்படி எரிஞ்சு போறதுக்கு வழியே இல்ல. மில்லிக்கு முப்பத்தாறுக்கு மேல. அதுவும் இந்தக் கருவியில. போதாததுக்கு வெட்டுக் கையில, நாக்குல."

"நடுங்குதே. பத்தாம நடுங்குதுன்னு..."

"கூடினாலும் நடுங்கும். கையக் கழுவுங்க முதல்ல. சோப்புப் போட்டு. நான் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்றேன்."

அவர் கழுவினார். "ஆஸ்பத்திரியில நான் பிடிச்சேன்னு சொல்லிடுவாங்களா? வியாழக்கிழமையைத் தள்ளிடுவாங்களா?" என்று அவள் முதுகைப் பார்த்துக் கேட்டார். பிப்பா போனில் கடையின் முகவரியைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் நரம்பில் சலைன் ஏற்றிய பிறகு, செவிலி ஒரு சின்னக் குழலை நீட்டி ஊதச் சொன்னாள். சிகரெட் பிடித்தவர் மூச்சில் கார்பன் மோனாக்சைடு வாயு இருக்கும், இது காட்டிக்கொடுக்கும் என்றாள். ஊதினார். எண் இரண்டில் நின்றது.

"நீங்க சிகரெட்டைத் தொடவே இல்ல," என்றாள், ஆச்சரியமாக.

"பதினோரு நாள்," என்றார் டெஸ்மண்ட். குமட்டலுக்கு நடுவிலும் அதைச் சொல்லும்போது தலை நிமிர்ந்தது. வந்து நின்ற கிளெனிஸ் அவர் தோளைத் தொட்டாள்.

செவிலி போர்வையை விலக்கி இடது பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்தாள். கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். கணுக்காலுக்குப் பின்னால் வைத்தாள். பிறகு போய் இன்னொருத்தியைக் கூட்டிவந்தாள். வந்தவள் பாதத்தில் பசை தடவி ஒரு சிறு கருவியை அழுத்தினாள். நாடி இருந்தால் அதில் இரைச்சல் கேட்கும். கரகரப்பு மட்டும் கேட்டது.

"இந்தப் பாதம் எப்பலேர்ந்து இந்த நிறத்துல இருக்கு?"

டெஸ்மண்ட் எட்டிப் பார்த்தார். இடது பாதம் மட்டும் வெளுத்து நீலம் பாய்ந்திருந்தது. நாலு நாளாகக் கை நடுக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், காலைக் கவனிக்கவில்லை. "சிகரெட் இல்லாட்டியும் இவ்வளவு நிகோடின் ரத்தக்குழாயை இறுக்கிடும்," என்றாள் வந்தவள், "டாக்டரை உடனே கூப்பிடு." கிளெனிஸின் கை அவர் தோளில் இறுகியது.