பொறுப்பை ஏற்க ஆள் இல்லை

என் மகள் வீட்டில் காலைக் காபிக்கு முன்னால் ஒரு பெட்டி என்னைக் கேள்வி கேட்கும். சமையலறை மேடையில், மிக்ஸிக்குப் பக்கத்தில், தேங்காய் மூடி அளவில் உட்கார்ந்திருக்கும் பேசும் பெட்டி. மகள் பியூலா மருத்துவமனை வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் அதனிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போவாள். உடனே அது பெண் குரலில், நாட்டின் உச்ச சட்டம் எது என்று ஆங்கிலத்தில் என்னை விசாரிக்கும். அரசியல் சாசனம் என்பேன். மிகச் சரி என்று குதூகலிக்கும். வருவாய்த் துறையில் நான் வேலை பார்த்த காலம் முழுவதும் எந்த மேலதிகாரியும் என்னை இவ்வளவு பாராட்டியதில்லை. ஆனால் நான் சொல்லவந்தது அதுவல்ல. என் பதிலுக்கும் அதன் பாராட்டுக்கும் நடுவில் ஒரு நொடி மௌனம் உண்டு. அந்த மௌனத்தில் என் மனைவி எஸ்தர், "முழு வாக்கியமா சொல்லுங்க" என்பாள். எஸ்தர் இறந்து ஒன்பது வருடமாகிறது. அவள் ஆம்பூர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறாள். நான் இருந்தது அமெரிக்காவின் ஒஹாயோவில். இருந்தாலும் முழு வாக்கியமாகத் திருப்பிச் சொல்வேன், தமிழில். ஒருநாள் அதைக் கேட்டுவிட்ட பியூலா, செருப்பை மாட்டிக்கொண்டே, "டாடி, அதுக்குத் தமிழ் தெரியாது" என்றாள்.

அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஊர் நண்பர்கள் கேட்டால், கடைசிக் காலத்தில் இவனுக்கு வெள்ளைக்காரனாக ஆசை வந்துவிட்டது என்று வேலூர் லாங் பஜார் டீக்கடையில் வைத்துச் சிரிப்பார்கள். காரணம் வேறு. எஸ்தர் போன பிறகு பியூலா என்னை கிரீன் கார்டில் இங்கே அழைத்துக்கொண்டாள். நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு ஆம்பூர் போவேன். மே மாதத்தில் எஸ்தரின் நினைவு நாளை முடித்துவிட்டுத்தான் திரும்புவேன். இரண்டாவது முறை திரும்பியபோது விமான நிலைய அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, நீங்கள் இங்கே வசித்துக்கொண்டு அங்கே போய் வருகிறீர்களா, அங்கே வசித்துக்கொண்டு இங்கே வந்து போகிறீர்களா என்று கேட்டார். நல்ல கேள்வி. என் மனைவி அங்கே இருக்கிறாள் என்றேன். அவரை ஏன் அழைத்து வரவில்லை என்றார். அவளை இடம் மாற்ற முடியாது என்றேன். உடம்பு சரியில்லையா என்றார். இப்போது ஒன்றும் இல்லை என்றேன். அவர் முத்திரையைக் கையில் எடுத்தார். அடுத்த முறை இத்தனை மாதம் வெளியே இருந்தால் கார்டைத் திரும்ப வாங்கிக்கொள்வோம் என்று சொல்லி முத்திரை குத்தினார்.

அதன் பிறகு இரண்டு வாரம், மூன்று வாரம் என்று திருட்டுத்தனமாகப் போவதுபோல் போய் வந்தேன். சில வருடங்கள் அதுவும் இல்லை. பியூலாதான் வழி சொன்னாள். "சிட்டிசன் ஆகிடுங்க டாடி. அப்புறம் ஒருத்தரும் கேக்க முடியாது. வருஷம் பூரா வேணாலும் மம்மிகிட்ட போய் இருங்க." சட்டப்படி அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மனைவியின் பக்கத்தில் நிம்மதியாக உட்கார வேண்டுமென்றால், அவள் படுத்திருக்கும் நாட்டை நான் எழுத்துப்பூர்வமாகக் கைவிட வேண்டும். எத்தனையோ விசித்திரமான அரசாணைகளை அமல்படுத்தியவன் நான். இப்படி ஒன்றை எந்தத் துறையும் எனக்கு அனுப்பியதில்லை.

எஸ்தர் ஆம்பூரில் ஒரு பள்ளியில் வரலாறும் குடிமையியலும் நடத்தினாள். நான் தினமும் ரயில் பிடித்து வேலூர் கலெக்டர் அலுவலகம் போய் வந்தேன். திங்கட்கிழமைகளில் மக்கள் குறை கேட்கும் நாள். வருகிற மனுக்களை வாங்கி எண் போட்டுத் தருவது அப்போது என் வேலை. ஒரு திங்கட்கிழமை தலையை நிமிர்த்தாமல் கையை நீட்டினேன். நீட்டிய கையில் ஒரு மனுவும், மேசைமேல் ஒரு கண்ணாடிப் பாட்டிலும் வந்தன. பாட்டிலில் டீத்தண்ணி நிறத்தில் எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர். எதிரே என் மனைவி.

"இன்னா இது? வீட்லயே சொல்லியிருக்கலாமே?" என்றேன் மெதுவாக.

"வீட்ல சொன்னா நம்பர் போட்டுத் தருவீங்களா?"

வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் நடைமுறையைவிட்டு விலகாதவன். பதிவேட்டைத் திறந்து, பெயர் கேட்டேன். சொன்னாள். கணவர் பெயர் என்று கேட்டேன்.

"மறந்துபோச்சு. நீங்களே பாத்து எழுதிக்கோங்க."

கலெக்டர் அறை வாசலில் தலைப்பாகையும் சிவப்புப் பட்டையுமாக ராஜா மாதிரி நின்ற டபேதார் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எஸ்தர் பாட்டிலைத் தட்டிக் காட்டினாள். "தோல் கம்பெனியில கழுவுன தண்ணி பூமியில எறங்கி இப்டி ஆயிருக்கு. இதுல சட்னி அரைச்சா உப்பே போட வேணாம். அதனால எங்களுக்கு லாபம்தான்னு பதில் போட்டுடாதீங்க."

அப்படிப் போடவில்லை. மனு உரிய துறையின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று பதில் போனது. வரைவு என்னுடையது, நல்ல வரைவு. எஸ்தர் அதை ஒன்பதாம் வகுப்புக்கு எடுத்துப் போய் உரக்கப் படித்துவிட்டு, "இதுல எத்தன வாக்கியம் இருக்கு? எத்தன பதில் இருக்கு?" என்று பிள்ளைகளைக் கேட்டிருக்கிறாள். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "ஒங்க இலக்கணத்துக்கு முழு மார்க். பதிலுக்கு முட்ட" என்றாள். சில மாதங்கள் கழித்து இன்னொரு திங்கட்கிழமை மறுபடியும் வந்து நின்றாள். முந்தைய மனுவின் எண்ணைக் குறிப்பிட்டு, நினைவூட்டல் என்று தலைப்பிட்டிருந்தாள். இந்த நடைமுறையை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். பிறகும் பல முறை வந்தாள். ஒவ்வொரு முறையும் கணவர் பெயரை மறந்துபோயிருந்தாள்.

இங்கே நூலகத்தில் குடியுரிமைத் தேர்வுக்கு இலவச வகுப்பு நடத்துகிறார்கள். நடத்துபவர் லிண்டா, தபால் துறையில் ஓய்வு பெற்றவர், என் வயதுதான் இருக்கும். இவர்களுடைய அரசியல் சாசனத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். அவ்வளவு சிறியது. நம்முடையதைத் தலையணையாக வைத்துக்கொள்ளலாம். முதல் வகுப்பில் லிண்டா, சாசனத்தின் முதல் மூன்று சொற்கள் எவை என்று கேட்டார். மற்றவர்கள் யோசிப்பதற்குள் நான் எழுந்து நின்று, இந்திய மக்களாகிய நாம் என்பதை ஆங்கிலத்தில், "வீ, த பீப்பிள் ஆஃப் இந்தியா" என்று முழங்கினேன். எஸ்தர் தன் வகுப்பில் தினமும் காலையில் ஜெபத்துக்குப் பிறகு அதைச் சொல்லவைப்பாள். நான் விடுப்பில் இருந்த நாட்களில் அவளைப் பள்ளியில் கொண்டுவிட்டு வாசலில் நின்றபோது என் காதில் ஊறிப்போன முழக்கம். வகுப்பு சிரித்தது. லிண்டா மட்டும் சிரிக்கவில்லை. தொடக்கம் சரி, ஆனால் அது வேறு மக்கள் என்றார்.

மற்றொரு நாள், குடிமகனாகும்போது நீங்கள் கொடுக்கும் வாக்குறுதிகளில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றார். பிற நாடுகளின் மீதுள்ள விசுவாசத்தைக் கைவிடுவேன் என்பது பட்டியலில் முதல் பதில். எனக்கு மனப்பாடம். வாயைத் திறந்தேன், வரவில்லை. கடினமான சொற்கள்தான், பரவாயில்லை என்று லிண்டா ஆறுதல் சொன்னார். சொற்கள் எனக்குக் கடினம் இல்லை, ஒரு சந்தேகம் என்றேன். கைவிடுகிறேன் என்கிறேன், சரி. யாரிடம் ஒப்படைப்பது?

அவருக்குப் புரியவில்லை. விளக்கினேன். எங்கள் ஊரில் ஒரு கிராம நிர்வாக அலுவலர் மாற்றலாகிப் போனால்கூட, சாவியை மேசைமேல் வைத்துவிட்டு நடையைக் கட்ட முடியாது. பொறுப்பை ஒப்படைத்தேன் என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். பொறுப்பை ஏற்றுக்கொண்டேன் என்று அதே தாளில் அடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த இரண்டாவது கையெழுத்து விழும்வரை, போனவர் போனவர் இல்லை. தூக்கத்தில்கூட அந்தக் கிராமத்தின் ஏரிக்கும் புறம்போக்குக்கும் அவர்தான் பொறுப்பு. உங்கள் உறுதிமொழியில் ஒரு கையெழுத்துதான் இருக்கிறது. நான் விட்டுவிட்டு வருவதை அங்கே யார் ஏற்றுக்கொள்கிறார்கள்?

 லிண்டா என் தோளைத் தொட்டு, உங்கள் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்கலாமே என்றார்.

அன்றிரவு படுக்கையில் அந்த உறுதிமொழியை முழுதாகப் படித்தேன். இதுவரை எந்த அயல்நாட்டு இளவரசருக்கு, அரசருக்கு, அரசுக்கு விசுவாசமாக இருந்தேனோ, அதை முற்றிலுமாகத் துறக்க வேண்டுமாம். எனக்குத் தெரிந்த ஒரே அரசர் அந்த டபேதார்தான். எங்கள் வீடு இருந்த இடத்தில் அசையாமல் இருந்துகொண்டே முதலில் வட ஆற்காடு, பிறகு வேலூர், இப்போது திருப்பத்தூர் என்று மாவட்டம் மாறியது. ஒரு முறையும் யாரும் என்னை உறுதிமொழி எடுக்கச் சொல்லவில்லை.

எஸ்தரைப் புதைத்தபோது சபையில் முறைப்படி விண்ணப்பித்துப் பக்கத்து இடத்தையும் வாங்கி, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மேடையாகக் கட்டினேன். ஒரு பாதியில் அவள் பெயர். மறுபாதி வெறும் சிமென்ட். கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் வெள்ளையடித்துப் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். நான் போக முடியாத வருடங்களில் பெயிண்டர் சேகர் அடித்துவிட்டு வாட்ஸப்பில் படம் அனுப்புவான். ஒரு வருடம் அவன் அனுப்பிய படத்தில் எஸ்தரின் பாதியில் வெள்ளை பொரிப்பொரியாக எழும்பியிருந்தது. போன் போட்டேன்.

"உப்பு சார். இன்னா பெயிண்ட் அடிச்சாலும் நிக்காது. அடியில தண்ணி அந்த மாதிரி. கீழருந்து ஏறி வருது."

"சொரண்டிட்டு அடிச்சியா?"

"சொரண்டுனா மறுபடியும் வருது சார். ஒரே பேஜாரு."

அந்தப் படத்தை நான் அழிக்கவில்லை. அவளுடைய மனு இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது. நினைவூட்டல் வந்துகொண்டே இருக்கிறது.

தேர்வு ஒரு சிறிய அறையில் நடந்தது. எதிரே இளம் பெண் அதிகாரி. சாசனத்தின் முதல் மூன்று சொற்கள் எவை என்று கேட்டார். சொன்னேன். நான்காவதும் ஐந்தாவதும் தொண்டைவரை வந்தன, விழுங்கினேன். முதல் திருத்தம் தரும் உரிமைகளில் ஒன்று? அரசிடம் மனு கொடுக்கும் உரிமை என்றேன். எல்லோரும் பேச்சுரிமை என்பார்கள், நீங்கள் எப்போதாவது மனு கொடுத்திருக்கிறீர்களா என்று சிரித்தபடி கேட்டார். வாங்கியிருக்கிறேன் என்றேன். அவர் புரிந்ததுபோல் தலையாட்டினார். வாக்குறுதி பற்றிய கேள்விக்குப் பட்டியலில் இருந்த வேறொரு பதிலைச் சொன்னேன், சட்டத்துக்குக் கீழ்ப்படிவேன். அது எனக்குப் பழக்கமானது. கடைசியில், உறுதிமொழியை முழுமையாக எடுக்கச் சம்மதமா என்றார். நான் பொறுப்பு ஒப்படைப்பு பற்றித் தொடங்கினேன். சார், ஆமாமா, இல்லையா என்றார்.

"ஃபைல்ல குறிப்பு எழுதற மாதிரி இழுக்காதீங்க" என்றாள் எஸ்தர். "ஆமாவா, இல்லியா?"

ஆமாம் என்றேன்.

உறுதிமொழி நாளன்று ஒரு பெரிய அரங்கில் எங்களை நிற்கவைத்தார்கள். கையில் சிறு கொடி. காலில் ஆம்பூரில் வாங்கிய கறுப்புத் தோல் ஷூ. அந்த மண்ணின் தோலின் மேல் நின்றுகொண்டுதான் அந்த மண்ணைத் துறந்தேன். துறக்கிறேன் என்ற வரி வந்தபோது எல்லோரும் சத்தமாகச் சொன்னார்கள். நானும் சொன்னேன், சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். எஸ்தர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை சமையலறையில் நானே பெட்டியிடம் கேள்வி கேட்கச் சொன்னேன். நாட்டின் உச்ச சட்டம் எது என்றது. பதில் சொன்னேன். மௌனம் வந்தது. அதில் யாரும் இல்லை. மிகச் சரி என்றது பெட்டி. சில வாரங்களில் இந்தியத் தூதரகத்தில் என் பழைய பாஸ்போர்ட்டின் மேல் ரத்து என்று முத்திரை குத்தித் தபாலில் திருப்பி அனுப்பினார்கள். பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தையும் நானே போட்டேன்.

இந்த நவம்பரில் ஆம்பூருக்கு வந்துவிட்டேன். திரும்பும் தேதி இல்லாத பயணம். எஸ்தரோடு இருக்கக் கை நிறைய மாதங்கள் வைத்திருந்தேன். கல்லறைத் தோட்டத்தில் சேகர் வாளியோடு காத்திருந்தான். எஸ்தரின் பாதி வழக்கம்போல் உப்பு பூத்து உரிந்திருந்தது. நான் மறுபாதியைப் பார்த்தேன். ஆளில்லாத வெறும் சிமென்டிலும், நான் வருகிறபோது உட்கார்ந்துகொள்ளும் இடம் முழுவதும், உப்பு பூத்திருந்தது.

"ஒங்க பக்கமும் ஏறிடுச்சு சார். அம்மா பக்கம் ஜாஸ்தி, ஒங்க பக்கம் கம்மி" என்றான் சேகர். "ரெண்டையும் சொரண்டிடவா?"

"அம்மாவோடத அடி. என் பக்கம் அப்படியே இருக்கட்டும்."

அவனுக்கு விளங்கவில்லை. தோளைக் குலுக்கிவிட்டுத் தூரிகையை நனைத்தான். நான் என் பாதியில், எனக்கு வந்த அந்த நினைவூட்டலின் மேல் உட்கார்ந்தேன். அவன் வேலையில் கண்ணை வைத்துக்கொண்டே, "எப்ப சார் ஊருக்குப் போறீங்க?" என்று கேட்டான். ஊர் என்று அவன் சொன்னது ஒஹாயோவை.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பேண்ட்டில் ஒட்டிய உப்பு உள்ளங்கையில் நறநறத்தது. எஸ்தர் முழு வாக்கியமாகச் சொல்லச் சொல்வாள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.