அக்காள் குறைத்த சோறும் நான் சாகவிருந்த ஐந்து வாரமும்

என் அக்காள் எனக்காகச் சோற்றை விட்டு ஆண்டவருக்குப் பொருத்தனை செய்திருக்கிறார்கள், ஆகையால் நான் சீக்கிரம் சாகப் போகிறேன் என்று ஐந்து வாரம் முழு மனதோடு நம்பியவன் நான். அக்காள் மறைந்து ஓராண்டு நிறைகிற சமயத்தில், இந்த நினைவு மலருக்கு அவர்களைப் பற்றி எழுதச் சொன்னால் உன் சாவைப் பற்றி எழுதுகிறாயே என்று அத்தான் கோபிப்பார்கள். என்ன செய்ய? நாலு தாள் கிழித்தாயிற்று. எங்கே ஆரம்பித்தாலும் பேனா அந்த ஐந்து வாரத்தில்தான் போய் முட்டுகிறது. உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்காள் சேத்தூரில் பிறந்தார்கள். எங்கள் தகப்பனார் அங்கே சபைப் பள்ளிக்கூடத்து வாத்தியார். கொஞ்சம் நஞ்சையும் உண்டு. எனக்கு நாலு வயதாகும்போது தாயார் மரித்தார்கள். காலில் முள் குத்தியது ஒரு சாக்கு. அந்தப் புண் ஆறவே இல்லை. என்ன வியாதி என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போது அக்காளுக்குப் பதின்மூன்று வயது. அன்று முதல் என்னைக் குளிப்பாட்டி, அடித்து, பாடம் சொல்லிக்கொடுத்து வளர்த்தது அவர்கள்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நகல் எழுதும் அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபோது, பித்தளைக் குடம், பெட்டி, பாய் இவற்றோடு என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். குடத்தைக் கண்டு மகிழ்ந்த அத்தான் என்னையும் கண்டார்கள். இவன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு இங்கேயே வணக்கம் சொல்லிவிடுகிறேன்.

எழுத்தில் இப்படி 'அவர்கள்' போட்டு எழுதுகிறேனே ஒழிய, நேரில் நான் அக்காளை நீ, வா, போ என்றுதான் பேசினேன். ஒரு மரியாதையும் கொடுத்ததில்லை. இப்போது கொடுக்கிறேன்.

அக்காளுக்குச் சோறு என்றால் உயிர். சேத்தூர் நெல்லை மெஷினில் கொடுத்துத் தீட்டி வாங்கிய வெள்ளை அரிசி, அதைக் குழையாமல் வடித்து, மல்லிகைப் பூவைக் கொட்டினாற்போல் தட்டில் குவித்து, நடுவில் குழி பண்ணிக் குழம்பை ஊற்றிச் சாப்பிடுவார்கள். காய் வைத்தால் ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். "காயி எதுக்குலே, சோத்துக்கு எடம் வேண்டாமா?" என்பார்கள். அப்படிப்பட்டவர்கள் ஒரு திங்கட்கிழமை காலையில் கேப்பைக் களியைக் கிண்டி இறக்கியபோது எனக்கு முதல் அடி விழுந்தது.

அந்த நாளில் நான் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் டைம் கீப்பர். காலை ரயிலில் போய் மாலையில் திரும்புவேன். என் தூக்குச்சட்டியில் அதுவரை சோறும் குழம்பும் இருந்த இடத்தில், அந்தத் திங்கள் முதல் ஒரு உள்ளங்கை அளவு களி, அதைவிடப் பெரிதாக முருங்கைக் கீரை, அவித்த பாசிப்பயறு, பக்கத்தில் வெள்ளரிப்பிஞ்சு. மறுநாள் கம்பஞ்சோறு, அவரைக்காய், காணம் என்கிற கொள்ளில் அரைத்த துவையல், மோர். அதற்கு மறுநாள் குதிரைவாலி, பாகற்காய், ஒரு முட்டை. வீட்டிலும் அதே அளவுதான். இன்னும் கொஞ்சம் களி கேட்டால் அக்காள் கீரையை வைப்பார்கள். எதற்கு இதெல்லாம் என்று கேட்டால், "ஒடம்புக்கு நல்லது, பேசாம சாப்பிடுலே" என்பதோடு சரி.

என்னோடு உட்கார்ந்து சாப்பிடும் சுப்பராஜு என் சட்டியை எட்டிப் பார்த்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். பண்பான மனிதர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"ஏமய்யா, காணம் எங்க வீட்டுல குதிரைக்கில்ல வைப்போம்?"

"ஒடம்புக்கு நல்லதாம்."

"யாரு ஒடம்புக்கு?" என்றார். செத்த நேரம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்க பெத்தநாயனாவுக்கும் இப்படித்தான் திடீர்னு சோத்தக் கொறைச்சாங்க."

"பெரியப்பாவுக்கா? இப்ப எப்படி இருக்காரு?"

அவர் சட்டியை மூடிக்கொண்டு கை கழுவப் போய்விட்டார்.

எனக்கு அன்று பிற்பகல் வருகைப் புத்தகத்தில் ஒரு பெயரும் சரியாகத் தெரியவில்லை. வீக்கமோ என்று காலை அழுத்திப் பார்த்தேன்; குழி விழுந்த மாதிரி இருந்தது. இன்னொரு காலை அழுத்தினேன், அதிலும் விழுந்தது. அழுத்தினால் எந்தக் காலிலும் கொஞ்சம் குழி விழும் என்பது பிற்பாடு தெரிந்தது.

இந்த மலர் வேற்று மதத்து நண்பர்கள் கைக்கும் போகும் என்பதால் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் சபை வீடுகளில் உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அது ஆலயத்துக்குப் போகும். கர்த்தருடைய அரிசி, வீட்டில் பட்டினி கிடந்தாலும் அதில் கை வைக்க மாட்டார்கள். யாருக்காவது உயிருக்கு ஆபத்து என்றால், தனக்குப் பிரியமான ஒன்றை விட்டுவிட்டு அதை ஆலயத்துக்குக் கொடுக்கிறேன் என்று பொருத்தனை செய்வதும் எங்களுக்குள் உண்டு.

இரண்டாவது வாரம் அடுக்களைக்குள் நுழைந்தேன். அக்காள் அரிசிப் பானையிலிருந்து அள்ளி அள்ளிக் கலயத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கைப்பிடி இல்லை. அந்த வேளைக்கு வீட்டில் பொங்கியிருக்க வேண்டிய அரிசி முழுவதும். போட்டு மூடிவிட்டு, மூடியின்மேல் கையை வைத்தபடி கண்ணை மூடி நின்றார்கள். கண்ணில் நீர். நான் சத்தம் போடாமல் வெளியே வந்துவிட்டேன். அக்காளுக்குப் பிரியமானது சோறு. சோற்றை விட்டாயிற்று. அது கலயத்துக்குப் போகிறது. அளவாக, மருந்து போலத் தீனி கொடுக்கப்படுவது யாருக்கு? எனக்கு. அத்தானுக்கும்தான் கொடுத்தார்கள், அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. பயந்தவன் கணக்கு அப்படி.

போதாதென்று ஒரு மாலை, கதவுக்குப் பின்னால் அக்காளும் அத்தானும் பேசுவது காதில் விழுந்தது.

"அவன்ட்ட சொல்லிர வேண்டியதுதானே?"

"வேண்டாம்ங்க. தெரிஞ்சா தாங்க மாட்டான். அவன் பயந்தாங்கொள்ளி."

"டாக்டரம்மா என்னதான் சொல்லுதாங்க?"

"எம்புட்டு நாளுன்னு அவியளாலயே சொல்ல முடியல."

அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? நான் சாவதற்கு ஏற்பாடு செய்யத் தொடங்கினேன். குடையைச் சுப்பராஜுவுக்குக் கொடுத்தேன். "மழைக் காலத்துல குடுக்கியே, நீ என்ன பண்ணுவ?" என்றார். "எனக்கு மழை வராது" என்றேன். அதற்குப் பத்து வருஷம் முன்பு நான் கோள் மூட்டி வேலையை மாற்றவைத்த மேஸ்திரியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். யார் கோள் மூட்டியது என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. தேவதானத்தில் எனக்குப் பெண் பேசி முடிவாகும் நிலையில் இருந்தது. பெண்ணின் தகப்பனாருக்கு, 'என்னை நம்ப வேண்டாம், நான் இவ்வுலகத்துக்கு உரியவன் அல்ல' என்று கடிதம் எழுதினேன். நான் சந்நியாசம் வாங்கிக்கொண்டதாக அங்கே பேச்சாகிவிட்டது. அந்தப் பெண்தான் இன்று என் மனைவி. அந்தக் கடிதத்தை அவள் இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறாள், சண்டைக்கு உதவும் என்று.

இதில் எனக்கு ஒரே குழப்பம் என்னவென்றால், சாகக் கிடக்கிறவனுக்கு உடம்பு தேறிக்கொண்டே வந்தது. மத்தியானம் சாப்பிட்டதும் மேஜைமேல் விழும் தூக்கம் போயிற்று. ரயிலுக்கு ஓடினால் இளைக்கவில்லை. இது விளக்கு அணையுமுன் சுடர் விடுவது என்று முடிவு செய்தேன்.

ஐந்தாவது வாரம் சனிக்கிழமை எங்கள் சபையில் ஆராதனை நடத்தும் உபதேசியார் கடைவீதியில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, வாரம் ஒரு படி வந்த வீட்டுல இருந்து இப்ப எட்டுப் படி வருது. என்ன பொருத்தனை? ஒங்க வீட்டுல யாருக்கும் சொகமில்லையா?"

"எனக்குத்தான் ஐயா" என்றேன்.

மறுநாள் ஆராதனையில், விசேஷ ஜெபம் வேண்டுவோர் சொல்லலாம் என்று உபதேசியார் கேட்டதும் நான் எழுந்துவிட்டேன்.

"சபையார் எனக்காக ஜெபிக்கணும். எனக்கு நாள் நெருங்கிட்டு. எங்க அக்கா எனக்காகச் சோத்த விட்டுப் பொருத்தனை பண்ணியிருக்கா. நான் போன பொறவு அவளை யாரும் கைவிட்ராதீங்க."

பெண்கள் பக்கத்திலிருந்து அக்காளின் குரல் வந்தது. "ஏலே, என்னலே ஒளறுத?"

"எல்லாம் தெரியும்க்கா. இனி மறைக்காண்டாம்."

"என்ன தெரியும்?"

"நான் சாகப் போறது."

"யாருலே சொன்னா?"

நான் உபதேசியாரைப் பார்த்தேன். அவர், "ஐயோ, நான் சொல்லலம்மா. தம்பிதான் என்கிட்டச் சொன்னாரு" என்றார். பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். அத்தான் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அக்காள் எழுந்து நின்றார்கள். கூட்டத்தில் வாய் திறந்து பேசாதவர்கள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னார்கள்:

"அவனுக்கு ஒண்ணுமில்ல. கல்லு மாதிரி இருக்கான். வியாதி எனக்கு. நீரிழிவு. எங்க அம்மா காலுல புண்ணு வந்து செத்ததும் இதனாலதான் இருக்கும்னு டாக்டரம்மா சொல்லுதாங்க."

சிரித்தவர் நிறுத்திவிட்டார். நான் சாகவில்லை என்று சந்தோஷப்பட ஒரு விநாடிகூடக் கிடைக்கவில்லை. ஐந்து வாரமாக எனக்கென்று சேர்த்து வைத்திருந்த பயம் முழுவதையும் எடுத்து அக்காள் பக்கம் வைக்க வேண்டியிருந்தது. அது அங்கே இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "பொறவு அந்த அரிசி? பொருத்தனை இல்லாம எதுக்கு எட்டுப் படி?"

"சேத்தூர் அரிசி பானையில கெடந்தா என் கை சும்மா இருக்குமா? பொங்கித் தின்னுருவேன். கர்த்தர் கலயத்துல போட்டுட்டா தொட மாட்டேன்லா. அதுக்குத்தான் போட்டேன்."

"கண்ணுல தண்ணி வந்துச்சே?"

"பின்னே வராதா? எம்புட்டு நல்ல அரிசி!"

"சரி. வியாதி ஒனக்கு. என் தட்டுல எதுக்குக் கொறச்ச?"

அக்காள் கலயத்தை ஓரமாக நகர்த்தி வைத்தார்கள். பிறகு, "நீயும் அதே வயித்துல பொறந்தவன்தானலே" என்றார்கள்.

அந்த வாரமே டாக்டரம்மாவிடம் என்னையும் அழைத்துப் போனார்கள். நீல மருந்து விட்ட கண்ணாடிக் குழாயில் சிறுநீரைச் சில சொட்டு விட்டுக் காய்ச்சினார்கள். அக்காளுடையது செங்கல் நிறமாயிற்று, சர்க்கரைக்கு அது அடையாளம். என்னுடையது நீலமாகவே இருந்தது. சர்க்கரைக்குப் போடும் ஊசி மருந்து அப்போது இந்தப் பக்கம் எளிதில் கிடைக்காது. டாக்டரம்மா, "இப்போதைக்குச் சாப்பாடுதான் மருந்து. தட்டில் பாதி காயும் கீரையும், மீதியில் பாதி பயறு, பாதி தானியம். பசியை வைத்துக்கொண்டு எழுந்திருங்கள். நடங்கள்" என்றார்கள். அக்காள் ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். தனக்கென்று வேறு பானை வைக்கவில்லை. தனிப் பானை வைத்தால் அது நோயாளி பானையாகிவிடும் என்று, வீடு முழுவதற்கும் அதே சமையல். நானும் அதையே தின்றேன், பிற்பாடு கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன பிறகும்.

யுத்த காலத்தில் அரிசி தட்டுப்பட்டது. ரேஷனில் கிடைத்த தானியத்தை எப்படிச் சமைப்பதென்று தெரியாமல் தெருப் பெண்கள் திண்டாடினார்கள். அக்காள் ஒவ்வொரு அடுக்களையாகப் போய்க் கம்பு குத்தவும் களி கிண்டவும் காட்டிக்கொடுத்தார்கள். "அரிசி இல்லன்னு அழாதீங்க ஏட்டி. கீரை இருக்குல்லா?" என்பார்கள். வாசலுக்குப் பக்கத்தில் அவர்கள் நட்ட முருங்கையிலிருந்து பறித்துக்கொண்டு போகாத வீடு அந்தத் தெருவில் இல்லை. கிறிஸ்துமஸுக்கு மட்டும் ஒரு கைப்பிடி வெள்ளைச் சோறு வைத்துக்கொள்வார்கள். அதை ஒவ்வொரு பருக்கையாகச் சாப்பிடுவார்கள். அப்போது யாரும் அவர்களோடு பேசக் கூடாது.

சென்ற வருஷம் ஐப்பசி மழையில் ஜுரம் கண்டது. நெஞ்சில் சளி கட்டிவிட்டது. எட்டு நாள் படுத்திருந்தார்கள். நான் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். "மறுபடியும் நீதான் சாகப் போறியாலே?" என்று கேட்டார்கள். ஒன்பதாம் நாள் காலையில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். காலில் ஒரு புண்கூட இல்லை.

அந்த எட்டு நாளும் வீட்டுக்கு வந்துபோன டாக்டரம்மாவுக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த தெருப் பெண்களுக்கும், சேத்தூரிலிருந்தும் தேவதானத்திலிருந்தும் மழையில் நனைந்து வந்த உறவினர்களுக்கும், அடக்க ஆராதனை நடத்திய உபதேசியாருக்கும், ராஜபாளையத்திலிருந்து நண்பர்களைக் கூட்டி வந்து பெட்டிக்குத் தோள் கொடுத்த சுப்பராஜுவுக்கும், கடைசிவரை அக்காள் போட்டதைக் குறை சொல்லாமல் சாப்பிட்ட அத்தானுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அக்காள் பொருத்தனை செய்து பிழைத்தார்கள் என்று ஊரில் இன்னும் சிலர் சொல்லுகிறார்கள். அதைக் கிளப்பியவன் நான் என்பதால் நானே எழுதிவிடுகிறேன். அக்காள் எந்தப் பொருத்தனையும் செய்யவில்லை. அளவாகச் சாப்பிட்டார்கள், தினம் மூன்று வேளை, பத்து வருஷம்.